விட்டுவைத்த சுரம்

பந்தி முடிந்து எல்லோரும் கைகழுவப் போன பிறகும், இலைகளைப் பார்த்தே அவன் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டான் என்று சொல்லிவிடலாம். மற்ற இலைகள் எல்லாம் வழித்துத் துடைத்துக் கிடக்கும். பதினாறு பதினேழு வயசில் நாள் முழுக்கக் குழல் ஊதுகிறவன் இலையில் என்ன மிஞ்சும்? அவன் இலையில் மட்டும் ஒரு கவளம் சோறு, குழம்போடு பிசைந்து, உருட்டி, ஓரமாக உட்கார்ந்திருக்கும். சிந்தினதோ, பிடிக்காமல் ஒதுக்கினதோ அல்ல. வாய்க்குப் போக வேண்டிய கவளம். அதை மட்டும் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

எங்களுக்குச் சமைத்துப்போட்ட அக்காவுக்கு இது பெரிய மனக்குறை.

“ஏய்யா, அந்த ஒரு வாய் ஒன்னை என்ன செய்யுது? அதையும் போட்டுட்டு எந்திரிச்சா என்ன?”

“வயிறு நெறஞ்சிட்டுக்கா.”

“நெறஞ்சிட்டுன்னா உருட்டுவானேன்?”

அதற்கும் சிரிப்பான். அக்கா ஒருநாள் தந்திரம் செய்து பார்த்தாள். ஒரு கரண்டி சோற்றைக் குறைத்துப் போட்டாள். பசியில் கடைசி வாயையும் முடித்துவிடுவான் என்று அவள் கணக்கு. அவன் அரைப்பட்டினியோடு ஒரு கவளத்தை உருட்டி வைத்துவிட்டு எழுந்துபோனான். மறுநாள் அக்கா பழைய அளவுக்கே வந்துவிட்டாள். இதில் ஆதாயம் அடைந்தது அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரு கறுப்பு நாய்தான். அத்தனை இலை இருக்க, அது நேராக வந்து அவன் இலைக்கு எதிரே உட்காரும்.

அவன் பெயர் வேண்டாம். பள்ளிக்கூட விடுதியில், போர்டிங் என்போம், யாரோ வைத்த பெயர். அவனுக்கே அதில் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்பிப் பார்ப்பான்.

நான் சொல்வது ஐரோப்பாவில் முதல் உலகச் சண்டை நடந்த காலம். பாளையங்கோட்டையில் நாங்கள் படித்த மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பித்தளை பேண்டு இருந்தது. ஸ்தோத்திரப் பண்டிகைக்கும், துரைமார் வந்தாலும் போனாலும், நாங்கள்தான் ஊத வேண்டும். ஆனால் வருஷம் முழுக்கப் பாடமும் பரீட்சையும் ஜெபமுமாக இருந்தால் எப்போது பழகுவது? ஆகவே கோடை லீவு விட்டதும் மற்றப் பிள்ளைகள் ஊருக்குப் போவார்கள். ஊதுகிற பிள்ளைகள் மட்டும் பெட்டியும் குழலுமாக வண்ணார்பேட்டை வழியே நடந்து, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, ரயிலேறி, அம்பாசமுத்திரத்தில் இறங்குவோம். அங்கிருந்து மாட்டுவண்டியில் விக்கிரமசிங்கபுரம். அங்கே ஒரு பஞ்சு மில் உண்டு; பொதி அடுக்குகிற அதன் பழைய கிட்டங்கி ஒன்றை ஆற்றோரமாக எங்களுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரு மாசம் அதில்தான் வாசம்.

கிட்டங்கியில் பாதி இடத்துக்கு இன்னும் பஞ்சுப் பொதி அடுக்கியிருந்தது. நாங்கள் எவ்வளவு அலறினாலும் அந்தப் பொதிகள் வாங்கிக்கொள்ளும், வெளியே சாதுவாகத்தான் கேட்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் எங்களை அங்கே கொண்டுபோய் அடைத்தார்கள் என்று நினைக்கிறேன். படுக்கையும் பொதிகள் மேல்தான். காலையில் குழலை எடுத்து ஊதினால் முதலில் பஞ்சு வரும், அப்புறம்தான் சுரம்.

அவன் முதல் கார்னெட், நான் இரண்டாம் கார்னெட். கார்னெட் கைக்கு அடக்கமான ஒரு பித்தளைக் குழல். அதில் மூன்று கட்டைகள் இருக்கும், அவற்றை அழுத்தி அழுத்திச் சுரத்தை மாற்ற வேண்டும். மெட்டை ஊதுகிறவன் முதல் கார்னெட். இரண்டாவது ஆள் அவனுக்குக் கீழே, துணைக்குப் போகிறவன். அண்ணனும் தம்பியும் மாதிரி என்று மாஸ்டர் சொல்வார். எனக்கு அது பிடித்ததே இல்லை. அவனுடைய வயசு போர்டிங்கில் குத்துமதிப்பாக எழுதினது, ஆகவே நான்தான் மூத்தவன் என்று வாதாடுவேன். அவன் மறுக்க மாட்டான். அண்ணாச்சி என்று கூப்பிட்டுக் கேலி செய்வான்.

ஆனால் அவன் குழலை வாயில் வைத்துவிட்டால் என் வாதமெல்லாம் போய்விடும். மற்ற நாங்கள் ஊதினால் பித்தளைச் சத்தம் வரும். அவன் ஊதினால் யாரோ நம்மைத் தெரிந்த ஒருவர் தூரத்திலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனக்கு உடனே வீட்டு நினைப்பு வந்துவிடும். வீடே இல்லாதவன் ஊதி, வீடு இருக்கிறவனுக்கு ஏக்கம் வருவது என்ன நியாயமோ தெரியவில்லை.

மாஸ்டர் என்று நான் சொல்வது பேண்டு மாஸ்டரை. ஏதோ ஒரு ரெஜிமெண்டில் ஊதிவிட்டுப் பென்ஷனோடு வந்தவர். அவர் மீசை மட்டும் இன்னும் பட்டாளத்திலேயே இருந்தது. முதல் கோடையில், பழகத் தொடங்கின வாரத்திலேயே அவர் அவனைப் பிடித்துவிட்டார். ஒரு கீர்த்தனை. மெட்டு மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, முடிவில் ஒரு நீண்ட சுரத்தில் போய் நிற்க வேண்டும். பேண்டு முழுக்க அங்கே நிற்கும். உச்சியில் நிற்பது முதல் கார்னெட். அவன் அழகாக ஏறினான், அழகாக இறங்கினான். கடைசிச் சுரம் வந்தபோது குழலை வாயிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். மற்ற குழல்களெல்லாம் கூரை போடாத சுவர்களாக நின்றன.

“ஏலே, கடைசிச் சுரம் எங்கலே?”

“மூச்சு போயிட்டு மாஸ்டர்.”

மறுபடியும் ஊதச் சொன்னார். மறுபடியும் அதே இடத்தில் குழல் மடிக்கு இறங்கிவிட்டது.

“ஆத்துல முங்கினா ஊரே தேடுத மட்டும் எந்திரிக்க மாட்டேங்க, ஒனக்கா மூச்சு போகுது? ஏலே, நடுவில நீ என்ன தப்பு விட்டாலும் ஒரு பயலுக்கும் தெரியாது. முடிவுல விட்டேன்னு வையி, ஆத்துல துணி அலசுதவளுக்கும் தெரியும். இன்னொரு மட்டம் விட்டா காலை ரயிலுக்கு ஒன்னைப் போர்டிங்குக்கே அனுப்பிருவேன். பொறவு எந்தக் கோடைக்கும் இங்கன வர வேண்டாம்.”

இந்த மிரட்டல் எங்களில் வேறு யாருக்குச் சொல்லியிருந்தாலும் அவ்வளவு உறைத்திருக்காது. முகாமிலிருந்து துரத்தினால் நாங்கள் ஊருக்குப் போய் மாம்பழம் தின்போம். அவனுக்கு ஊர் இல்லை. சேரன்மகாதேவிப் பக்கம் ஏதோ ஒரு ஊரில் காலரா வந்து, வீட்டில் எல்லோரும் போய், மிச்சமிருந்த குழந்தையைப் போர்டிங்கில் கொண்டுவந்து சேர்த்தார்கள் என்று கேள்வி. கோடை லீவில் போர்டிங்கைப் பார்த்திருக்கிறேன். கட்டில்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சுவரோரம் ஏற்றி வைத்துவிடுவார்கள். ஓர் அறையை மட்டும் திறந்துவிட்டு மற்றதையெல்லாம் பூட்டிவிடுவார்கள். அந்த ஓர் அறையில் அவனும், வாசலில் காவல்காரரும் இருப்பார்கள். காவல்காரருக்குக் காது மந்தம். இந்த முகாம் தொடங்குவதற்கு முந்தின கோடைகளையெல்லாம் அவன் அப்படித்தான் கழித்திருந்தான்.

மூன்றாம் தடவை அதே கீர்த்தனை. ஊதிவிடுவான் என்றுதான் நினைத்தேன். மெட்டு ஏறிற்று, இறங்கிற்று, கடைசிச் சுரம் வந்தது. கார்னெட் மடிக்கு இறங்குவதைக் கண்ணோரத்தில் பார்த்தேன். என்ன செய்கிறேன் என்று யோசிக்கவே இல்லை. என்னுடைய கீழ்ச் சுரத்தை விட்டுவிட்டு, ஒரு தாவலில் மேலே போய், அவன் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்த மாஸ்டர், “ஆங், இதைத்தாம்லே சொன்னேன்” என்று தலையாட்டினார்.

அவன் என் பக்கம் திரும்பவே இல்லை. சாயங்காலம் ஆற்றிலிருந்து திரும்பி வந்து பார்த்தால் என் கார்னெட்டைக் கழற்றி, கட்டைகளைத் துடைத்து எண்ணெய் விட்டு, பஞ்சு ஏறாதபடி துணியில் சுற்றி வைத்திருந்தான். அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து ஊதின காலம் மட்டும் என் கார்னெட்டுக்கு நான் எண்ணெய் போட்டதில்லை. அவன் கடைசிச் சுரம் என் வேலையாயிற்று. என்னுடைய கீழ்ச் சுரத்துக்கு அந்த இடத்தில் ஆள் கிடையாது. அதைத் தேடிக்கொண்டும் ஒருவரும் வரவில்லை. இரண்டாம் கார்னெட்டின் தலையெழுத்து அப்படி.

சோற்றிலும் பாட்டிலும் மட்டும் என்றால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். ஜெபத்திலும் இதே கூத்துதான். சாப்பாட்டுக்கு முன்னால் முறை வைத்து ஒருவன் ஜெபம் பண்ண வேண்டும். அவன் ஜெபம் நன்றாக இருக்கும், சுருக்கமாகவும் இருக்கும். ஆற்றுக்காக ஸ்தோத்திரம், சோற்றுக்காக ஸ்தோத்திரம், அக்காவின் கைக்காக ஸ்தோத்திரம், பிறகு நிறுத்திவிடுவான். ஆமென் சொல்ல மாட்டான். நாங்கள் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்போம். ரசத்தின் ஆவி மூக்கில் ஏறும். ஆமென் வராமல் யார் கண்ணைத் திறப்பது? ஒருநாள் மாஸ்டரும் எங்களோடு நின்றார். வெகுநேரம் ஆயிற்று. ஜெபம் உள்ளுக்குள் நடக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, பயபக்தியோடு நின்றார். கடைசியில் அடுப்படியிலிருந்து அக்காவே, “ஆமென், ஆமென், சோறு ஆறுது” என்று கத்தினாள்.

அவன் முறை வருகிற நாளில் ஆமெனையும் நான்தான் சொல்ல வேண்டும் என்று பிறகு ஏற்பாடாயிற்று. பையன்கள் என்னை வால் என்று கூப்பிட்டார்கள். அவனுக்கு முளைக்காத வால் எனக்கு முளைத்திருக்கிறதாம்.

இரண்டாம் கோடையில் ஒருநாள் அவனை ஆற்றங்கரையில் வைத்து மடக்கினேன். எதிர்க்கரையில் ஒரு மருதமரம், வேரெல்லாம் தண்ணீரில் இருக்கும். நீந்திப்போய் அந்த வேரைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுதான் எங்களுக்குப் பந்தயம். எல்லோருக்கும் முன்னால் அவன் போய்விடுவான். போய், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில், தொடாமல் திரும்பி வந்துவிடுவான். தொடாததால் ஜெயித்தவன் நான் என்று ஆகிவிடும். அப்படிக் கிடைத்த வெற்றி யாருக்கு வேண்டும்? எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏம்லே திரும்புத? எட்டினா வேருதானே?”

“தொட்டுட்டா பொறவு திரும்பித்தானே வரணும்.”

“இப்பவும் திரும்பித்தானே வந்திருக்க?”

“இப்ப நானாத் திரும்பினேன். அது வேற.”

சொல்லிவிட்டு மேற்கே மலையைப் பார்த்தான். மேகம் பாதி மலைக்கு இறங்கியிருந்தது. கோடை முடிகிற சமயம் அந்த மேகம் இறங்கி, காற்று குளிர்ந்து, சாரல் விழும். அது விழுந்தால் எங்கள் முகாம் முடிந்தது என்று அர்த்தம். எங்களுக்கு அதைப் பார்த்தால் கொண்டாட்டம். அவன் மட்டும் கடன்காரனைப் பார்ப்பது போல அந்த மேகத்தைப் பார்ப்பான்.

“சாரல் வந்திட்டுன்னா நீங்கள்லாம் குதிக்கிய. ஒங்களுக்கு வீட்டுக்குப் போகலாம். நான் எங்கன போக? ஒண்ணு முடியாத மட்டும் நான் அதுக்குள்ள இருக்கலாம்லா.”

“நீ ஒரு சுரத்தை விட்டா சாரல் நின்னுருமாலே?”

“நிக்காது. தெரியும்லே.”

அதை அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். அந்த வருஷம் முகாம் முடிந்ததும் அவனை எங்கள் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

எங்கள் அப்பா கிராமத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். அம்மாவுக்கு யார் சாப்பிட்டாலும் சந்தோஷம். அவன் எங்கள் வீட்டில் ஒரு வாரம் இருந்தான். கிணற்றில் நீர் இறைத்தான், கோழிக் கூட்டைச் சரிபண்ணினான், சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஊதினான். பக்கத்து வீடுகளில் இருந்தெல்லாம் வந்து நின்று கேட்டார்கள். கடைசிச் சுரத்துக்கு நான் தயாராகக் கார்னெட்டோடு நிற்பதைப் பார்த்து அம்மா, “அவன் ஊதுதது முடியுத சமயம் பாத்து நீ ஏம்லே நடுவில பூருத?” என்று என்னையே கோபித்தாள். அவன் குனிந்து சிரித்துக்கொண்டான்.

அவன் புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அம்மா முறுக்குச் சுட்டாள், அதிரசம் சுட்டாள். கொடுத்தனுப்ப ஓலைப்பெட்டியில் அடுக்கி மூடி வைத்தாள். காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு விடிவதற்கு முன்பே நடந்துவிட்டான். ஓலைப்பெட்டி வைத்த இடத்தில் இருந்தது.

“போறேன்னு ஒரு வார்த்தை சொல்லாம போயிட்டானே. நம்ம வீட்டில என்ன கொறை வச்சோம்?” என்று அம்மா வாசலில் நின்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை, அவனுக்கு வழியனுப்பப்படுவது ஆகாது என்று நான் சொன்னேன். அவளுக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம், என் முதுகுக்குப் பின்னால் இன்னும் யாராவது வருகிறார்களா என்று பார்ப்பாள்.

மூன்றாம் கோடைக்கு நான் புறப்படும்போது அம்மா சொல்லியனுப்பினது ஒரே விஷயம்தான். அவனுக்கு அது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம், போர்டிங்கில் இனி இடம் கிடையாது. ஆகவே அவன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட வேண்டும். அப்பா தன் பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குச் சின்ன வாத்தியாராக ஒரு வேலைக்குச் சொல்லிவைத்துவிட்டார். விருந்தாளியாக அல்ல, வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும். இதை நான் அவனிடம் சொல்ல வாய்ப்புத் தேடிக்கொண்டிருந்தபோதே மாஸ்டர் முந்திக்கொண்டார்.

அவருடைய பழைய ரெஜிமெண்டில் கார்னெட்டுக்கு ஆள் கேட்டிருந்தார்கள். சண்டைக்காலம். ஊதுகிறவனும் கப்பலேற வேண்டியிருந்தது. மாஸ்டர் நல்ல மனுஷர், ஒன்றையும் மறைக்கவில்லை.

“சம்பளம் உண்டு, சட்டை உண்டு, சோறு உண்டு. ஆனா பொறவு என்னை வையக் கூடாது பாத்துக்கிடுங்க. லீவுங்கது கிடையாது. கோடைன்னும் கிடையாது, பண்டிகைன்னும் கிடையாது. வருசம் பூரா பேண்டு பேண்டாத்தான் கிடக்கும். ஒரு பய வீட்டைப் பாக்க முடியாது.”

பையன்கள் உச்சுக்கொட்டினார்கள். பெரிய குழல் ஊதுகிறவன், “எனக்கு வேண்டாம்ப்பா” என்று பஞ்சுப் பொதியில் சாய்ந்துகொண்டான். அவன் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“லீவே கிடையாதா மாஸ்டர்?”

“கிடையாதுலே.”

“எல்லாரும் எப்பவும் அங்கனேயே இருப்பாவளா?”

“வேற எங்கலே போவாவ?”

அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமே ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போய் அம்மா சொன்னதையெல்லாம் சொன்னேன். கிணற்றைச் சொன்னேன், வேப்பமரத்தைச் சொன்னேன், சின்ன வாத்தியார் வேலையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

“என்னலே சொல்லுத? வாறியா?”

“பைய யோசிச்சுச் சொல்லுதேன்.”

முகாம் முடிகிற அன்று மாஸ்டருக்கு அவன் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கும் அன்றைக்குள் தெரிந்தாக வேண்டும். தினமும் கேட்டேன். ரெஜிமெண்டுக்கும் இல்லை என்று சொல்லவில்லை, எங்கள் வீட்டுக்கும் சரி என்று சொல்லவில்லை. இவன் எந்தப் பேச்சைத்தான் முடித்திருக்கிறான், இதை முடிக்க என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் உள்ளுக்குள் அதுவே ஒரு தைரியமும் கொடுத்தது. போகிறேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வராது, வராதவரைக்கும் இருப்பான் என்று நம்பினேன். அவன் இல்லாத ஒரு கோடையை நான் யோசித்துப் பார்க்கக்கூட விரும்பவில்லை. மேகம் இறங்குகிறதா என்று அந்த வருஷம் அவனைவிட நான்தான் அதிகம் பார்த்தேன்.

முகாமின் கடைசிச் சாயங்காலம் மில் வாசலுக்கு எதிரே நின்று ஊதுவது வழக்கம். ஒரு மாசமாக எங்கள் அலறலைப் பொறுத்துக்கொண்டதற்கு அது மரியாதை. மில் சங்கு ஊதினதும் வேலைக்காரர்கள் வெளியே வந்தார்கள். பெண்கள் தலையெல்லாம் பஞ்சு, எங்கள் தலையைப் போலவே. குழந்தைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். மலையிலிருந்து காற்று குளிர்ந்து வந்தது. ஊதத் தொடங்கும்போதே லேசாகச் சாரல் விழுந்தது. ஒருவரும் நகரவில்லை.

வரிசையாக ஊதினோம். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அவன் குழல் இறங்கிற்று, நான் மேலே தாவினேன். எல்லாம் வழக்கப்படி நடந்தது. எனக்கு மனசு கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்துகொண்டு வந்தது. கடைசிப் பாட்டு, முதல் கோடையில் அவன் மாட்டிக்கொண்ட அதே கீர்த்தனை. மெட்டு ஏறிற்று, இறங்கிற்று, மறுபடி ஏறிற்று. கடைசிச் சுரத்துக்கு மூச்சை இழுத்துக்கொண்டு வழக்கம்போல மேலே தாவினேன்.

அங்கே அவன் இருந்தான்.

குழல் இறங்கவில்லை. வாயிலேயே இருந்தது. அந்தச் சுரத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான், நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். இரண்டு பேரும் ஒரே இடத்தில் நின்றோம். நான் கீழே இறங்கிவிடலாம், என் இடம் அங்கே காலியாகத்தான் இருந்தது. ஆனால் என் சுரம் எது என்றே எனக்கு ஒரு கணம் மறந்துபோயிற்று. அந்தப் பாட்டில் அதை நான் முதல் கோடைக்குப் பிறகு ஊதினதே இல்லை. மாஸ்டர் தூக்கின கையை இறக்காமல் வைத்திருந்தார். சுரம் நீண்டுகொண்டே போயிற்று. எனக்கு மூச்சு முடிந்துவிட்டது. நான் குழலை இறக்கின பிறகும் அவன் ஊதிக்கொண்டிருந்தான். அந்தக் கோடைக்கும் சேர்த்து, எல்லாக் கோடைக்கும் சேர்த்து ஊதினான். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மில் வாசலில் அத்தனை பேரும் கைதட்டினார்கள், நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

மாஸ்டர் எங்கள் அருகில் வந்தார். “என்னலே, இன்னைக்கு ரெண்டு பேரும் மேலேயே ஏறி நின்னுட்டிய?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார். இத்தனை காலமும் அவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அவன் கார்னெட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னான்.

“இனிமே நீ ஒன் சுரத்தையே ஊதலாம்லே.”

“அப்ப போறியா?”

“போறேன்.”

அவனிடம் நான் கேட்டு முழுசாகக் கிடைத்த முதல் பதில் அது. அதற்கு மேலும் சொன்னான். “ஒங்க அம்மைட்ட சொல்லு. அன்னைக்குச் சொல்லாம வந்தேன்லா? இப்ப சொல்லிட்டுப் போறேன்னு சொல்லு.”

சொன்னேன். அம்மா அதைக் கேட்டுவிட்டு ஓலைப்பெட்டியை எடுத்து வெறுமனே துடைத்து வைத்தாள். அவன் ரெஜிமெண்டில் சேர்ந்ததும், சண்டை நடந்துகொண்டிருந்த பஸராவுக்குக் கப்பலேறினதும் மாஸ்டர் மூலமாகத் தெரியும். அப்புறம் மாஸ்டருக்கும் தகவல் இல்லை. சண்டை முடிந்து திரும்பினவர்களை ஸ்டேஷனிலும் கடைவீதியிலும் நிறுத்தி விசாரித்திருக்கிறேன். பேண்டா, எந்த பேண்டு என்று கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அந்த வருஷப் பண்டிகையில் முதல் கார்னெட் கிடைத்தது. என் பக்கத்தில் இரண்டாம் கார்னெட்டாக யாரை உட்காரவைத்தார்கள் என்பது இப்போது ஞாபகமில்லை. எனக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் அந்தக் கடைசிச் சாயங்காலம்தான், அதிலும் மில் வாசலிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்த கடைசிப் பந்தி.

அன்று ஜெபம் அவன் முறை. ஆமென் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அவனே சொல்லிவிட்டான். சாப்பிட்டு முடித்து எல்லோரும் எழுந்தோம். இலை எடுக்க வந்த அக்கா அவன் இலைக்கு முன்னால் நின்றுவிட்டாள். பருக்கை இல்லாமல் வழித்துச் சாப்பிட்டிருந்தான்.

“சாப்பிட்டுட்டான்யா” என்று அக்கா என்னிடம் சொன்னாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். இலையை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

கறுப்பு நாய் வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தது. இலை இருந்த தரையைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது. விளக்கைக் கொண்டுபோன பிறகும் அது அங்கேயேதான் உட்கார்ந்திருந்தது. நானும்தான்.